பந்தி பிரிக்கும் பன்னாட்டு வணிகம்!

உப்பளத்துச் சந்து எதிலும் நுழைந்து, அங்குள்ள சிறு மளிகைக் கடையின் முகப்பைப் பாருங்கள். சரம் சரமாகத் தொங்குகின்றன சின்னஞ்சிறு உறைகள்! மல்லிகைச் சரமல்ல, மாவுச் சரம்! கிழித்துக் கொட்டினால் ஒரு குவளைப் பால் நிறம் மாறும்; பிரித்துக் கவிழ்த்தால் ஒரு கிண்ணம் நிறையும். சட்டைப் பையில் கிடக்கும் சில்லறைக்கு அளவெடுத்துத் தைத்த உறைகள் அவை!

வணிகன் விற்கட்டும், வேண்டியவன் வாங்கட்டும். அதில் நமக்கென்ன வழக்கு? கடை வைப்பவன் மீது நமக்குக் கடுப்பில்லை. பொட்டலத்தில் இருப்பது நஞ்சு என்றும் நாம் கூறவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. கோதுமையும் பார்லியும் சோளமும் பால்தூளும் சர்க்கரையும் சேர்ந்த சரக்கு, ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து பெயரில் விற்கப்படுகிறதே, அது ஏன்? தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, மழலைக்கு ஒன்று, மாணவனுக்கு ஒன்று, மூத்தோருக்கு ஒன்று என்று அடுப்பங்கரையையே கூறு போட்டிருக்கிறார்களே, அது எதனால்?

பிறப்பைக் காட்டிப் பந்தியைப் பிரித்தவர்களை எதிர்த்துப் பிறந்தது நம் இயக்கம். உணவு விடுதியில் அவனுக்கு அந்த இடம், இவனுக்கு இந்த இடம் என்று எழுதி வைத்திருந்த காலத்தில், அந்தப் பலகையைப் பெயர்க்கக் கிளம்பியது நம் கூட்டம். இன்று பலகை மாட்டுவது பழமையல்ல, பன்னாட்டு மூலதனம்! ஆகவேதான் இதைப் பற்றிப் பேசுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

நோயாளியின் தட்டிலிருந்து

சோளத் தகடு, அதாவது ‘கார்ன் ஃபிளேக்ஸ்’, பிறந்த கதை வேடிக்கையான கதை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்றோர் ஊர். அங்கே ஒரு நலவாழ்வு மனை. அதை நடத்தியவர் ஜான் ஹார்வி கெல்லாக் என்னும் மருத்துவர். புலால் கூடாது, காரம் கூடாது, சர்க்கரை கூடாது என்று கடுநோன்பு பூண்டவர். தம்மிடம் வந்த நோயாளிகளுக்காக 1894-இல் அவரும் அவர் தம்பியும் தானியத்தை வேகவைத்து, உருளையில் தேய்த்து, தகடாக்கி, வறுத்தெடுத்தனர்.

தம்பி வில் கீத் கெல்லாக் வணிகம் தெரிந்தவர். சுவையில்லாத தகடு சந்தையில் விலைபோகாது என்று கண்டார், சர்க்கரையைச் சேர்த்தார். அண்ணன் சீறினார், தம்பி அசையவில்லை. 1906-இல் கம்பெனி எழுந்தது. நோயாளிக்கென்று செய்தது நாட்டுக்கென்று ஆனது. நாட்டுக்கென்று ஆனது உலகுக்கென்று கிளம்பியது.

கதையின் கடைசிப் பக்கத்தையும் கேளுங்கள், தோழர்களே! 2023-இல் அந்தக் கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியை மார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 3,600 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2024-இல் அறிவித்து, 2025-இல் வாங்கி முடித்தது. மறு பாதியை ஃபெரேரோ நிறுவனம் 2025-இல் வாங்கிற்று. மார்ஸ் யார்? சாக்லேட் முதலாளி! ஃபெரேரோ யார்? அவனும் சாக்லேட் முதலாளி! சர்க்கரையைப் பகையென்று எண்ணிய மருத்துவரின் தகடு, போய்ச் சேர்ந்த இடம் மிட்டாய்க் கடை! மருந்தாகத் தொடங்கியது மிட்டாயாக முடிந்த விந்தையை இதைவிடச் சுருக்கமாக வேறு யார் சொல்ல முடியும்?

1994-இல் வந்த படையெடுப்பு

கதவுகள் திறந்துவிடப்பட்டன, தாராளமயம் வந்தது, 1994-இல் கெல்லாக் இந்தியாவுக்கு வந்தது. கோடிக்கணக்கான வாய்கள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காலை, ஒவ்வொரு காலைக்கும் ஒரு கிண்ணம்! கணக்குப் போட்டவர்களுக்குக் கண் கொள்ளவில்லை. இட்லி, தோசை, பொங்கல், பராட்டா எல்லாம் பழசு, எண்ணெய்ப் பசை, உடலுக்கு ஏற்றதல்ல என்ற தொனியில் விளம்பரங்கள் வந்தன.

நடந்ததென்ன? நம் வீடுகளில் பால் என்றால் காய்ச்சிய பால். ஆவி பறக்கும் பால். குளிர்ந்த பாலுக்கென்று செய்த தகடு, சுடுபாலில் விழுந்ததும் துவண்டு, குழைந்து, கூழாகி நின்றது! ‘கூழ்தான் குடிக்க வேண்டுமென்றால் எங்கள் கேழ்வரகுக் கூழுக்கு என்ன குறை?’ என்று மக்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. வாங்காமல் விட்டு விடை சொன்னார்கள். முதல் வாங்கலில் இருந்த ஆவல் மறு வாங்கலில் இல்லை.

அங்கே தோற்றவன் சும்மா இருந்தானா? பாடம் படித்தான். ‘எல்லோரும் உண்ணுங்கள்’ என்று எல்லோரையும் அழைத்தால் எவரும் வருவதில்லை. ஆளுக்கொரு கவலையைக் கண்டுபிடித்து, அந்தக் கவலையின் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும் என்று அறிந்தான். குழந்தைக்கு ‘சோகோஸ்’ வந்தது, சாக்லேட் சுவையும் கரடிப் பொம்மையுமாக. மங்கையருக்கு ‘ஸ்பெஷல் கே’ வந்தது, இரண்டு வாரத்தில் இடை மெலியும் என்ற ஆசை காட்டி. திரைத்தாரகையை முன்னே நிறுத்தி. வடநாட்டு நாவுக்குக் குங்குமப்பூ, பிஸ்தா, பாதாம் போட்ட தகடு வந்தது. சிறு வருமானக்காரனுக்குச் சிறு உறை வந்தது. 2020 வாக்கில் எது வந்தது தெரியுமா? உப்புமா! ஆம், கெல்லாக் உப்புமா! உப்புமாவை விரட்ட வந்தவன், உப்புமாவையே உறையில் போட்டு நமக்கே நீட்டினான். நம் சமையலறை அன்று தோற்கவில்லை என்பதற்கு அந்த உறையைவிட வேறு சான்று வேண்டுமோ?

வீட்டுக்குள் வருணப் பிரிவினை

கெல்லாக் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் வீட்டு அலமாரியில் இடம் பிடித்துவிட்டது ஹார்லிக்ஸ். 1873-இல் அமெரிக்காவில் இரண்டு ஆங்கிலச் சகோதரர்கள் தொடங்கிய தொழில் அது. அதுவும் தொடக்கத்தில் குழந்தைக்கும் நோயாளிக்கும் என்று பிறந்ததுதான். தென்னாட்டில் காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போனால் ஒரு கையில் சாத்துக்குடி, மறு கையில் ஹார்லிக்ஸ் புட்டி என்பது எழுதாத சட்டமாக இருந்ததே!

நோயாளியை மட்டும் நம்பினால் வணிகம் வளருமா? நோயில்லாதவனுக்கும் ஒரு குறையைக் கண்டுபிடிக்க வேண்டாமா? கண்டுபிடித்தார்கள். தவழும் பிள்ளை தாண்டியதும் ‘ஜூனியர்’. பள்ளிப் பிள்ளைக்கு மூத்த புட்டி. கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் ‘மதர்ஸ்’. மற்றப் பெண்களுக்கு ‘விமன்ஸ்’. சர்க்கரை நோயாளிக்கு ‘டயாபட்டீஸ் பிளஸ்’. தசை வலு வேண்டுவோர்க்குப் ‘புரோட்டீன் பிளஸ்’. சேர்மானத்தில் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஒன்றில் இரும்புச் சத்து கூடும். மற்றொன்றில் சர்க்கரை குறையும். ஆனால் புட்டிக்குப் புட்டி பெரிதும் மாறுவது மாவல்ல, அச்சம்!

பிள்ளையின் தாய்க்கு அச்சம்: பக்கத்து வீட்டுப் பையனைவிட நம் பையன் குட்டையாகிவிடுவானோ! கருவுற்றவளுக்கு அச்சம்: வயிற்றில் உள்ள உயிருக்கு ஏதேனும் குறை வருமோ! நடுத்தர வயதினளுக்கு அச்சம்: எலும்பு தேயுமோ, இடை பெருக்குமோ! ஆண்மகனுக்கோ அச்சம் காட்டினால் அவன் ஒப்புக்கொள்ளமாட்டான். ஆகவே அவனுக்கு ஆசை காட்டுகிறார்கள். மட்டைப் பந்து வீரன் கபில்தேவும் சச்சினும் ‘பூஸ்ட்’ குவளையைத் தூக்கிக் காட்டினார்களே, அது ஆசையின் வாசல். ஓட்ஸ் பொட்டலத்தில் நெஞ்சின் படத்தைப் போட்டு நிற்கிறார்களே, அது அச்சத்தின் வாசல். வாசல்கள் வேறு; கல்லாப்பெட்டி ஒன்று!

ஒரு குடும்பத்தில் ஒரே கேழ்வரகுக் களியை ஒரே சட்டியிலிருந்து எடுத்து உண்டபோது, பாட்டிக்கொரு களி, பேரனுக்கொரு களி என்று எவரும் கேட்டதில்லை. அளவு மாறும், அன்னம் மாறாது. பொதுச் சட்டி இருக்கும்வரை புட்டிகள் பெருகா. ஆகவே பொதுச் சட்டியை உடைப்பதுதான் விளம்பரத்தின் முதல் வேலை. பிறப்பால் பிரித்தது அந்தக் காலத்து வருணப் பிரிவினை. வயதால், பாலால், நோயால், வருமானத்தால் பிரிப்பது இந்தக் காலத்து வருணப் பிரிவினை.

ஏழைக்குத் தனி வரிசை

வருமானத்தால் பிரிப்பது என்றோம். அதற்குச் சான்று காட்ட வேண்டும். நமக்குப் பக்கத்துக் கடலூரிலிருந்துதான் சிறு உறை வணிகம் நாடு முழுதும் பரவியது. சின்னி கிருஷ்ணன் என்னும் நம்மவர், பணக்காரன் புட்டியில் வாங்கும் பொருளைக் கூலிக்காரனும் வாங்கட்டுமே என்று தலைகழுவும் திரவத்தைச் சிறு உறையில் அடைத்தார். நல்லெண்ணத்தில் பிறந்த கருத்து. ஆனால் பெருங்கம்பெனி அந்த உறையைக் கையிலெடுத்தபோது அதன் பயன் வேறாயிற்று. மாதச் சம்பளக்காரன் மாதத்துக்கொரு புட்டி வாங்குகிறான். நாட்கூலிக்காரன் நாளுக்கொரு உறை வாங்கட்டும்! அவன் கூலியின் தாளத்துக்கே உறையின் தாளம்!

அதுமட்டுமா? 2010 வாக்கில் ஆந்திர நாட்டுச் சிற்றூர்களுக்கென்று ஹார்லிக்ஸ் கம்பெனி ‘ஆஷா’ என்ற பெயரில் மலிவுச் சரக்கொன்றை இறக்கிற்று. ஆஷா என்றால் ஆசை, நம்பிக்கை. நகரத்துப் பிள்ளைக்கு ஒரு மாவு. நாட்டுப்புறப் பிள்ளைக்கு வேறொரு மாவு! விலை குறைவு என்பதை வரவேற்கலாம். ஆனால் ‘எல்லாப் பிள்ளைகளும் வளர’ என்று விளம்பரத்தில் பாடிவிட்டு, விற்கும்போது மட்டும் பிள்ளைகளைத் தரம் பிரிப்பது என்ன நியாயம்?

இது இந்திய நாட்டின் பழக்கம் மட்டுமல்ல. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்தது இது. விலைவாசி ஏறிக் குடும்பங்கள் திணறிக்கொண்டிருந்த வேளை. பிரிந்துபோன கெல்லாக்கின் ஒரு பாதிக்குத் தலைவரான கேரி பில்னிக் தொலைக்காட்சியில் தோன்றி, கையில் காசு குறைந்த குடும்பங்கள் இரவு உணவாகவும் சீரியல் உண்ணலாம், அப்படித்தான் விளம்பரம் செய்கிறோம் என்றார். ஆண்டுக்குப் பல இலட்சம் டாலர் ஊதியம் பெறுபவர் அவர்! நாடே கொதித்தது. ரொட்டி இல்லாவிட்டால் கேக் தின்னட்டுமே என்று ஒரு பிரெஞ்சு அரசி சொன்னதாகக் கதையுண்டு. அரசி சொன்னாளோ இல்லையோ, அதிபர் சொன்னதை உலகமே கேட்டது. காலையில் பணக்காரனுக்கு இது நாகரிகம். இரவில் ஏழைக்கு இதுவே கஞ்சி! ஒரே பெட்டி, இரண்டு வகுப்பு, இரண்டு வேளை!

லண்டனுக்கு ஒரு நாக்கு, டாக்காவுக்கு ஒரு நாக்கு

ஆளுக்குத் தக்கபடி பேசுவது போலவே, நாட்டுக்குத் தக்கபடியும் பேசுகிறார்கள். பிள்ளை உயரமாகும், வலுவாகும், அறிவு கூராகும் என்று மூன்று வாக்குறுதிகளைத் தந்தது ஒரு ஹார்லிக்ஸ் விளம்பரம். 2008-இல் இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பாயிற்று. அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் ‘எங்கே சான்று?’ என்று கேட்டது. விளம்பரத்தைத் தடை செய்தது. கம்பெனி சொன்ன விடை என்ன? அந்த விளம்பரம் வங்காள தேசத்துக்கென்று எடுக்கப்பட்டது, இங்கே தவறி ஒளிபரப்பாகிவிட்டது என்பதுதான்! லண்டனில் சொல்லக்கூடாத சொல்லை டாக்காவில் சொல்லலாம் என்றால், லண்டன் தாய்க்கு இருக்கும் மதிப்பு டாக்கா தாய்க்கு இல்லை என்று பொருளாகாதா?

2024 ஏப்ரலில் வந்தது மற்றொரு செய்தி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ‘பப்ளிக் ஐ’ என்னும் அமைப்பு, குழந்தை உணவு பற்றிய பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றுடன் சேர்ந்து, நெஸ்லேயின் செரிலாக் மாவை ஆராய்ந்தது. இந்தியாவில் விற்ற 15 வகைகளில், ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததாகக் கூறிற்று. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் விற்கும் அதே இன மாவில் சேர்த்த சர்க்கரை இல்லை என்றும் கூறிற்று. இந்தியச் சட்டத்தை மீறவில்லை, ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 விழுக்காடு வரை குறைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. அதே ஆண்டு அக்டோபரில், வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத வகைகளை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவருவதாகவும் அறிவித்தது. நல்லது. ஆனால் கேட்கிறோம்: ஏப்ரலில் கூச்சல் எழாமலிருந்தால் அக்டோபரில் அறிவிப்பு வந்திருக்குமா?

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் இன்னொன்றும் உண்டு. தாய்ப்பாலுக்கு மாற்றான குழந்தை உணவை விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்தியாவில் 1992-இல் சட்டம் வந்தது. 2003-இல் அது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவு வரை மேலும் இறுக்கப்பட்டது. இந்தச் சட்டம் நிற்கும் இடத்தில் விளம்பரம் அடங்கியிருக்கிறது. இரண்டு வயது முடிந்த மறுநாளே புட்டிகளின் திருவிழா தொடங்கிவிடுகிறது! சட்டம் வேலி போட்டால் ஆடு நிற்கும். வேலி முடியும் இடத்தில் மேய்ச்சல் தொடங்கும். ஆட்டைத் திட்டிப் பயனில்லை. வேலியை நீட்ட வேண்டும்.

பெயர் மாறிய பெருங்கதை

போர்ன்விட்டாவின் கதையும் அதைத்தான் சொல்கிறது. அதன் உரிமையாளரும் சாக்லேட் முதலாளிதான். 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர், அந்தப் புட்டியில் சர்க்கரை எவ்வளவு என்று காணொளியில் பேசினார். கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர் என்று செய்தி வந்தது. கம்பெனியின் வழக்கறிஞர் அறிவிக்கை அவரைத் தேடி வந்தது. அவர் காணொளியை நீக்கிவிட்டு வருத்தம் தெரிவித்தார். ஒரு தனியாள் பெருங்கம்பெனியோடு எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்?

ஆனால் அணைத்த விளக்கிலிருந்து பற்றிய தீ அணையவில்லை. குழந்தை உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், 100 கிராமுக்கு 37 கிராமுக்கு மேல் இருந்த சேர்த்த சர்க்கரை 32 கிராம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், இணையக் கடைகள் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்கக்கூடாது என்று அறிவுறுத்தியது. காரணம் என்ன? 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒன்று இல்லவே இல்லை!

எண்ணிப் பாருங்கள்! எத்தனை ஆண்டுகள், எத்தனை தாய்மார்கள், எத்தனை மாதச் சம்பளங்கள்! சட்டத்தில் இல்லாத ஒரு பெயரை நம்பி வாங்கினார்கள். அதே மாதத்தில் ஹார்லிக்ஸின் இன்றைய உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவரும் பெயரை மாற்றிக்கொண்டது. ‘உடல்நல பானம்’ என்ற வகைப்பெயர் போய், ‘செயல்திறன் ஊட்டச்சத்து பானம்’ என்ற பொருளில் புதுப்பெயர் வந்தது. பெயர் நீண்டது, புட்டி அதே புட்டி!

உழவன் பெறுவதும் உழைப்பாளி தருவதும்

இனி விலைக் கணக்கு. 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, மக்காச்சோளம் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அதாவது கிலோ 24 ரூபாய். கேழ்வரகு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதாவது கிலோ 49 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அந்த விலையாவது எல்லா உழவனுக்கும் கிடைக்கிறதா என்பது வேறு வழக்கு.

2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய மாவுகளுக்கும் தகடுகளுக்கும் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. 200 கிராம் சாக்லேட் ஹார்லிக்ஸ் 130 ரூபாயிலிருந்து 110 ரூபாயாக இறங்கும் என்று கம்பெனியே அறிவித்தது. இறங்கிய விலையிலேயே கணக்குப் பாருங்கள்: கிலோ 550 ரூபாய்! கேழ்வரகின் ஆதரவு விலையைப்போல் பதினோரு மடங்கு! அரைக்கக் கூலி உண்டு, பால்தூளுக்கு விலை உண்டு, புட்டிக்குச் செலவு உண்டு, எல்லாம் சரி. அவற்றோடு மட்டைப் பந்து வீரனின் புன்னகைக்கும், திரைத்தாரகையின் இடைக்கும், கரடிப் பொம்மையின் ஆட்டத்துக்கும் சேர்த்தல்லவா நம் கூலி போகிறது!

உப்பளம் என்ற பெயரையே சற்று எண்ணிப் பாருங்கள். பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடல் நீரைப் பாத்தி கட்டி, வெயிலில் காயவைத்து, உப்பெடுத்த மண் இந்தப் புதுவை மண். 1815-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தங்களுக்குள் உப்பு ஒப்பந்தம் செய்துகொண்டனர். 1818-இல் அடுத்த ஒப்பந்தம் வந்தது. பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பது நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு இவ்வளவு பணம் என்று ஆங்கிலேயன் அளந்து கொடுத்தான். கண்ணெதிரே கடல், காலடியில் பாத்தி, ஆனால் உப்பு மட்டும் ஆங்கிலேயனிடமிருந்து வந்தது! கையில் இருந்த பொருளையே கடையில் வாங்கும் நிலை எப்படி உண்டாகிறது என்பதை இந்த ஊரைவிட நன்றாக அறிந்த ஊர் எது? அன்று ஒப்பந்தத்தால் நடந்தது. இன்று விளம்பரத்தால் நடக்கிறது. நம் பாட்டி வறுத்தரைத்த சத்துமாவே நாளை வண்ண உறையில் வந்து நம்மிடம் விலை பேசும்.

ஒரே பந்தி, ஒரே சட்டி

சரி, புட்டியை வாங்காதே என்றால் போதுமா? விடியற்காலையில் வேலைக்கு ஓடும் தாய் என்ன செய்வாள்? மூன்று ஆலைகளின் சங்கொலிக்கு எழுந்த ஊர் இது. 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு தொழிலாளர் உயிரைக் கொடுத்து எட்டு மணி நேர வேலை உரிமைக்கு வழிகோலிய ஊர் இது. ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பட்டது. ஆலைச் சங்கு நின்றபின், குறித்த நேரமில்லாத கூலி வேலைக்கு எத்தனையோ குடும்பங்கள் போயின. அந்தத் தாய்க்கு நேரமில்லை. நேரமின்மை என்ற அந்தப் பள்ளத்தில்தான் கம்பெனி தன் கொடியை நடுகிறது. தாயைக் குறை சொல்பவன் அறிவிலி. அவள் சுமையை இறக்கி வைக்க அரசு என்ன செய்தது என்று கேட்பதே அறிவுடைமை.

அதற்கு விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1920-இல் நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தரப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல். புதுவையில் 1930-இல் பிரெஞ்சு ஆட்சியே பகலுணவு தந்தது. 1956-இல் காமராசர் அதைத் தமிழகம் முழுதும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989-இல் கலைஞர் இரண்டு வாரத்துக்கொரு முட்டை வைத்தார். 2010-இல் அது வாரம் ஐந்து முட்டையாயிற்று. மாற்றுக் கட்சியார் செய்ததையும் சேர்த்தே சொல்கிறோம். பிள்ளையின் தட்டில் கட்சி வேறுபாடு பார்ப்பது பண்பாகாது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகள், 1 இலட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் 75 காசு என்று அன்று கணக்கிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அது 31 ஆயிரம் அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2024-இல் ஊரகத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்றது. தட்டில் விழுந்தது என்ன? உப்புமா, கிச்சடி, பொங்கல், அவற்றோடு சாம்பார்! விளம்பரம் பழசென்று தள்ளிய அதே உணவு! அந்தப் பந்தியில் ‘ஜூனியர்’ இல்லை, ‘விமன்ஸ்’ இல்லை, மலிவுச் சரக்கு இல்லை. மேல்சாதிப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், ஒரே சட்டிச் சோற்றை ஒரே வரிசையில் உண்டார்கள். பெரியார் கேட்டது இந்தப் பந்தியைத்தான்!

புதுவையிலும் பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் பாலும் ரொட்டியும் தந்த திட்டம் இருந்தது. 2020-இல் கலைஞர் பெயரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்குவது ஒரு நாள் விழா; தொடர்வதே ஆட்சி. யார் கோலோச்சினாலும், புதுவைப் பிள்ளையின் காலை வயிறு சூடான உணவால் நிறைகிறதா என்று நாம் நாள்தோறும் கேட்போம்.

நாம் கேட்பது, நாம் செய்வது

கேட்பது இவை. முதலாவது, பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்று பாமரனுக்கும் விளங்கும்படி எச்சரிக்கை வேண்டும். இந்தப் புதுவையை ஆண்டவனின் நாடான பிரான்சில் 2017 முதல் வண்ண எழுத்தால் உணவைத் தரம் பிரித்துக் காட்டும் முறை வந்தது. சிலி நாட்டில் 2016 முதல் கருப்பு எண்கோண முத்திரை வந்தது. சீரியல் பெட்டியிலிருந்து புலிப் பொம்மை ஓடியது! இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022-இல் நட்சத்திர மதிப்பெண் என்று ஒரு வரைவை நீட்டிற்று. எச்சரிக்கை வேண்டிய இடத்தில் நட்சத்திரமா? திருடன் வரும் வழியில் தோரணமா? 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே மூன்று மாதக் கெடு வைத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பிள்ளைகளை நோக்கிய விளம்பரத்துக்கு வேலி வேண்டும். இங்கிலாந்தில் 2026 சனவரி முதல், சர்க்கரை மிகுந்த சீரியல் உட்படப் பல பண்டங்களின் விளம்பரம் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் வரக்கூடாதென்று விதி வந்தது. அங்குள்ள பிள்ளைக்கு உள்ள காவல் இங்குள்ள பிள்ளைக்கு வேண்டாமா?

மூன்றாவது, பள்ளிக்குப் பள்ளி, உதவி பெறும் பள்ளி உட்பட, சூடான காலை உணவு. கேழ்வரகும் கம்பும் நம் உழவனிடமே வாங்கப்படட்டும்.

செய்வது எளிது. தோழர்களே! அடுத்த முறை பொட்டலம் கைக்கு வரும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் நிற்க வேண்டும் என்பது சட்டம். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் படித்துச் சொல்லுங்கள். படிப்பகத்தில் அரசியல் பேசும் நாம், ஒரு மாலை இதையும் பேசுவோம். அடிக்கல்லையும் அறிக்கையையும் படித்துக் காட்டும் நாக்கு, பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படித்துக் காட்டட்டும்!

கெல்லாக்கைச் சுடுபாலில் கரைத்தவர்கள் நம் மக்கள். ஒரு காணொளியால் ஐந்து கிராம் சர்க்கரை குறையுமானால், ஒன்றுபட்ட மக்களின் குரலால் எவ்வளவு குறையும்! பிரித்தால்தான் அவர்களுக்கு விற்பனை. சேர்ந்தால்தான் நமக்கு வாழ்வு. ஒரே பந்தி போடுவோம். ஒரே சட்டியில் சமைப்போம்!